புனலில் படிந்த தூசி

— அத்த போயிட்டாங்களான்னு பாரு, ஜெயசுதா. வாசல்லயே நிக்கிறாங்களா?

— போயிட்டாங்கடி. உன் பொண்ணு மொழியைத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கமா நடக்குறாங்க. புள்ளைக்கு வேடிக்கை காட்டிட்டு வரேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தானே போனாங்க. நீ ஏன் இப்படி வேர்த்து ஊத்துற?

— அவங்க வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடணும். ஷட்டரைப் பாதி இறக்கி விடேன்.

— பட்டப்பகல்ல கடையை இறக்கினா பெரம்பலூரே வந்து எட்டிப் பாக்கும். ஃபேனுக்குக் கீழ உக்காரு. சொல்றதக் கேளு செல்வி, பிரசவ லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்புறப்ப என்கிட்டதானே இந்தப் பால் எடுக்குற பம்பை வாங்கிட்டுப் போன? நல்லா இழுக்குது, சத்தமே இல்லைன்னு போன்ல அப்படி மெச்சின. இப்ப வந்து புதுசு குடுங்கிற.

— நல்லாத்தான் இழுக்குது. என்ன வருதுங்கிறதுதான் பயமா இருக்கு.

— புரியிற மாதிரி சொல்லு.

— பால்ல கருப்பா வருது.

— என்னடி சொல்ற?

— பொடிப் பொடியா, கருப்பா. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா அடியில படிஞ்சு நிக்குது. மொத நாள் என் கண்ணுதான் சரியில்லைன்னு நெனச்சேன். மறுநாளும் அப்படியே. கொஞ்ச நாளா ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சு.

— ரத்தமா இருக்கும். மார்ல வெக்கிற புனல் அளவு பத்தலைன்னா காம்பு வெடிச்சுப் போகும். அப்ப பால் ரோஸாவும் வரும், காப்பிக் கலர்லயும் வரும். என் மூத்தவனுக்கு எடுக்குறப்ப எனக்கே வந்திருக்கு. அதுக்குத்தான் வாங்குறப்பவே அளந்து பாத்துக் குடுத்தேன். இப்ப மறுபடி அளந்துடுவோம், மாசம் போகப் போக அளவு மாறும்.

— ரத்தமா இருந்தா நான் இப்படிப் பதற மாட்டேன். இது சாம்பல் மாதிரி. நான் எங்க வேலை பாக்குறேன்னு மறந்துட்டியா? சிமெண்ட் ஆலை லேப்ல. நாள் பூரா சுண்ணாம்புக் கல்லை அரைச்ச பொடியிலதான் கை.

— அதுக்கும் பாலுக்கும் என்னடி சம்பந்தம்?

— கேன்டீன்ல வேலை பாக்குற வீராயிக்கா சொன்னுச்சு. அவங்க ஊட்டுக்காரர் குவாரியில இருந்தவர். மூச்சு வழியா உள்ள போற தூசி ரத்தத்துல கலந்துடும், ரத்தந்தான் பாலாவுது, தாய் மூச்சு விட்டதைத்தான் புள்ள குடிக்குதுன்னாங்க. அன்னையிலேருந்து மாஸ்க் போட்டும் மூச்சை அடக்கி அடக்கித்தான் விடுறேன்.

— அந்தக்கா சொன்னா ஆயிடுச்சா? டாக்டர்கிட்ட காட்டுனியா?

— போனேன். டோக்கன் வாங்கி வரிசையில உக்காந்தேன். எனக்கு முன்னாடி ஒரே ஒரு ஆளு. எழுந்து வந்துட்டேன்.

— ஏன்?

— ஆமாம்மா, கலந்திருக்குன்னு சொல்லிட்டா? இத்தனை நாள் குடிச்சாளே மொழி, அதை எப்படி வெளியில எடுப்பேன்? தெரியாம இருந்தாலாவது அடுத்த நாள் எழுந்திரிக்கலாம்னு தோணுச்சு. அப்புறம் ஊட்டுக்குத் தெரிஞ்சா வேலையை விடுன்னுவாங்க. அவருக்கு வேலை திருப்பூர்ல, எனக்கு அரியலூர்ல, அப்படித்தான் குடும்பம் ஓடுது.

— சரி, சரி, அழாத. பையை இப்படிக் குடு. ஒவ்வொண்ணா பிரிச்சு வை, நான் பாக்குறேன். கேளு, சில நேரம் ரப்பர் தேஞ்சு பொடி விழும். இதுதான் வால்வு, சுண்டுவிரல் நகம் மாதிரி இருக்கு பாரு. இது கிழிஞ்சிருந்தா பாலும் குறையும், தூசியும் விழும்.

— கிழிஞ்சிருக்கா?

— இல்ல. வெள்ளையாத்தான் இருக்கு. டியூப்பும் சுத்தம். மோட்டாருக்குள்ள பால் போகலை. பாட்டில் கீறல் கூட இல்ல. புனல் மட்டும் ஓரத்துல லேசா மங்கி இருக்கு.

— அது என் மேலேருந்து வந்த தூசி. நேத்து அதை விரலால தொட்டுப் பாத்தேன், விரல்ல ஒட்டுச்சு. துணியே சாம்பலாப் போவுது.

— எந்தத் துணி?

— பம்புச் சாமானைச் சுத்தி வெக்கிற துணி. ராத்திரி நான் கழுவி, குக்கர்ல வேக வெச்சு, தட்டுல கவுத்துட்டுப் படுத்துடுவேன். காலையில அத்ததான் பழைய வேட்டித் துணியில பொட்டலமாக் கட்டி பையில வெச்சுத் தருவாங்க. லேப்ல அந்தத் துணியாலயே புனலை ஒரு தடவை துடைச்சிட்டு எடுப்பேன். சாயங்காலம் அத்தயே அதைத் துவைச்சுப் போட்டுடுவாங்க.

— நல்ல மாமியார்டி. எங்கூட்டுல பம்பைப் பாத்துட்டு, மாட்டுக்கு மெஷின் வெக்கிற மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க.

— அத்தயும் மொதல்ல பயந்தாங்க. பாலை இப்படிக் கண்ணால பாக்கக் கூடாது, அளக்கக் கூடாது, பொழுது சாயுற நேரத்துல குவாரி ரோட்டுல கொண்டாரக் கூடாதுன்னு ஒரே புலம்பல். அப்புறம் மனசு மாறிட்டாங்க. இப்ப நான் பஸ்ஸை விட்டு இறங்குறப்ப வாலிகண்டபுரம் ஸ்டாப்லயே பேத்தியோட நிப்பாங்க. பையை வாங்கி முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டுத்தான் நடப்பாங்க. அதான், ஜெயசுதா, என்னைக் கொல்லுது.

— எது?

— அந்தப் பையில இருக்குறது என் பால் இல்ல.

— பின்ன?

— கருப்பு வந்ததுலேருந்து எடுத்த பாலை அங்கேயே வாஷ்பேசின்ல ஊத்திடுறேன். ஊத்துறப்ப கண்ணை மூடிக்குவேன். பெரம்பலூர்ல பஸ் மாறுறப்ப, ஸ்டாண்டு கழிப்பறை வாசல்ல நின்னு பவுடர் பால் கலக்கி எடுத்துட்டுப் போறேன். அத்த அதைத் தாய்ப்பால்னு நெனச்சு, ஒரு சொட்டு சிந்தினாக்கூடக் கால்ல மிதிபடாம துடைச்செடுத்து செம்பருத்திச் செடி வேர்ல புழியிறாங்க.

— அடிப்பாவி. கழிப்பறை வாசல்லயா? அந்தத் தண்ணியிலயா?

— தண்ணி பாட்டில் வாங்கித்தான். ஆனா புள்ளைக்கு அது ஒத்துக்கலை. வயிறு கட்டிக்கிட்டு ராத்திரியெல்லாம் முக்கி முக்கி அழுவுறா. பாலு கம்மியாயிடுச்சு அத்த, அதான் அளவு குறையுதுன்னு ஒரு பொய்யைச் சொல்லி வெச்சிருக்கேன்.

— ராத்திரி நீதானே குடுக்குற?

— தூக்கத்துல தானா ஒட்டிக்குவா. தள்ளி விட மனசு வராது. இருட்டுல என் புள்ள எதைக் குடிக்குதோன்னு முழிச்சுக்கிட்டே கிடப்பேன். பம்புல வந்தா கண்ணுக்குத் தெரியுது. அவ வாயில போறது தெரியலையே.

— எழுந்திரு. அந்த ஸ்கிரீனுக்குப் பின்னாடி போ. இந்தா, எவர்சில்வர் டம்ளர். இப்பத்தான் வெந்நீர்ல கழுவி வெச்சேன். பம்பு வேணாம், கையால புழி. நானும் பாக்குறேன்.

— டம்ளரை நீ பிடிச்சுக்க.

— மெதுவா. இன்னும் கொஞ்சம். இப்படி வெளிச்சத்துக்குக் கொண்டா. பாரு செல்வி, வெள்ளை. பளிச்சுன்னு இருக்கு. ஒரு பொட்டுத் தூசி இல்ல.

— இன்னைக்கு எனக்கு லீவு.

— அதனால?

— ரெண்டு நாளா நான் ஆலைக்கே போகலை. அங்க போகலைன்னா வெள்ளையா வருது. போனா கருப்பா வருது. இதைவிட என்ன சாட்சி வேணும்? நீ பாக்குறது எனக்கு இன்னும் பயத்தைத்தான் கூட்டுது.

— பொய் சொல்ல மாட்டேன், இது தூசி இல்லைன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. நான் பாட்டிலும் டயப்பரும் விக்கிறவ. சொல்றதக் கேளு, நாளைக்கு ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போவோம். கடையைப் பூட்டிட்டு நானே வரேன்.

— புதுப் பம்பு குடு. வேற கம்பெனி. வேற புனல். அதுலயும் வந்தா என் உடம்புதான்னு முடிவாயிடும்.

— எல்லாத்தையும் மாத்தி என்னடி பண்ணப் போற? இந்தப் பெரிய மெஷின் உனக்குத் தேவையில்ல, லேப்ல பிளக் தேடணும். ஸ்டெரிலைசர் வேணாம், குக்கரே போதும். மேல போத்திக்கிற இந்தப் பூப்போட்ட துணியெல்லாம் போட்டோவுக்குத்தான் அழகு, துப்பட்டா போதும். வாங்கித்தான் ஆகணும்னா இந்தக் கைப்பம்பை வாங்கு, நாலே பாகம், கழுவ சுலபம். அப்புறம் ஐஸ் வெக்கிற பை ஒண்ணு. உன் பை லைனிங் பிஞ்சிருக்கு, வெயில்ல அத்தனை தூரம் தாங்காது. மூடி இறுக்கமா இருக்குற டப்பா ஒண்ணு தரேன், சாமானைத் துணியில சுத்தாம அதுக்குள்ள போடு.

— குடு. எல்லாம் குடு.

— பர்ஸுலேருந்து என்ன எடுக்குற? அது என்ன அட்டை?

— மாத்திரை. பால் நிறுத்துறதுக்கு. வீராயிக்கா மருமக போட்டு மிச்சம் வெச்சிருந்தது.

— செல்வி. வெச்சுடு அதை.

— ஒரு வாரமா பர்ஸுல வெச்சு சுத்துறேன். தினம் காலையில எடுத்துப் பாக்குறேன். புள்ள முகத்தைப் பாத்துட்டு உள்ள வெச்சுடுறேன். இன்னைக்கு அவ இங்க இல்ல. குடிக்கத் தண்ணி குடு.

— தர மாட்டேன்.

— பாலே இல்லைன்னா பயமும் இல்லைல்ல? பவுடர் பாலை வெளிப்படையா வாங்கி, ஊட்டுல வெச்சு சுத்தமா கலக்கிக் குடுத்துட்டுப் போறேன். இருட்டுல முழிச்சுக் கிடக்க வேணாம். தண்ணி குடு ஜெயசுதா, உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்.

— நாளைக்கு ஒரு நாள் பொறுடி. ஒரே நாள். டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் போட்டுக்க, நானே தண்ணி தரேன். கையைத் தொறந்து அதை இப்படிக் குடு. ஐயோ, உங்கத்த வராங்க. மூஞ்சியைத் துடை.

— என்ன ஆயி, சாமானெல்லாம் வாங்கியாச்சா? கண்ணு ஏன் செவந்து கிடக்கு?

— ஒண்ணுமில்ல அத்த. தூசி விழுந்துடுச்சு. மொழி தூங்கிட்டாளா?

— பஸ்ஸு சத்தத்துலயே தூங்கிட்டா தங்கம். இதுதான் புதுப் பையா? நல்லா கெட்டியா இருக்கே. இந்த டப்பா எதுக்கு பாப்பா?

— சாமான் போட்டு மூடத்தான்மா. துணி வேணாம்னு சொல்லிட்டிருந்தேன். இவ்வளவு நேரம் எங்க போயிட்டீங்க? செல்வி பயந்துட்டா.

— அந்தப் பக்கம் இஸ்திரி வண்டி நின்னுச்சு, அங்கதான்.

— இஸ்திரி வண்டியில உங்களுக்கு என்ன அத்த வேலை? கையெல்லாம் ஏன் இப்படிக் கருப்பா இருக்கு?

— கரித்துண்டு கேட்டு வாங்கினேன் ஆயி. பாலு அத்தனை ஊரு தாண்டி வருதே, எவ கண்ணும் எந்தக் காத்தும் அண்டக் கூடாதுன்னு சாமானைச் சுத்துற துணி முனையில ஒரு துணுக்கு உனக்குத் தெரியாம முடிஞ்சு வெப்பேன், நீ சிரிப்பேன்னுதான் சொல்லலை. பாலு கம்மியாயிடுச்சுன்னு நீ சொன்னதுலேருந்து ஒண்ணுக்கு ரெண்டாத்தான் போடுறேன். நம்ம அடுப்புக் கரி பாழாப்போனது, சாயங்காலம் அவுத்துப் பாத்தா துணியெல்லாம் பொடியாக் கொட்டிக் கிடக்கு. அதான் புதுப் பைக்கு நல்ல கெட்டிக் கரியாப் பாத்து வாங்கியாந்தேன், இந்தா, மொதல்ல இதை உள்ள வை.