சடுகுடுவுக்கு ஏழு பேர்

"பந்து வாங்க வக்கில்லாதவன் கண்டுபிடிச்சதுதானேண்ணே உங்க சடுகுடு?" என்று ஒரு கால்பந்தாட்டக்காரர் வாயை விட்டார். இன்சீன் போகும் ரயிலில் எனக்கு நல்ல பொழுதுபோக்கு. அவருக்கு எதிரே இருந்தவர் சடுகுடு கோஷ்டி நடத்துபவராம்.

"வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதை இன்னும் உதைச்சுக்கிட்டிருக்கீங்களே, அதுக்கு இது மேல், தம்பி."

"கூட்டம் எங்களுக்குத்தான் வருது."

"வரும், வரும். ஆட ஆள் இருக்கா?"

"நம்மாளுங்க கடையெல்லாம் இந்த நாட்டு கவர்மெண்டு எடுத்துக்கிட்டதுல நாலு பேர் பொழைப்பில்லாம ஊருக்குக் கப்பலேறிட்டாங்க. மிச்சம் ஏழு பேர்."

"பதினோரு பேர் ஆட்டத்துக்கு ஏழு பேரா! பேஷ். சடுகுடுவுக்கு ஏழே போதும், தெரியுமில்ல?"

"உங்ககிட்ட எத்தனை பேருண்ணே?"

அவர் வெற்றிலையை ஜன்னல் வழியே துப்பினார்.

"ஆறு. இல்லாட்டி உன்கிட்ட எதுக்கு வாயைக் கொடுக்கறேன்?"