எல்வுட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தவை

துப்பாக்கி வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் குழலைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் மணல் மூட்டையிலிருந்து தொடங்குவேன். ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் பத்துக் குண்டுகளையும் ஒரு சாசர் அளவுக்குள் போட வேண்டுமென்றால், ஒவ்வொரு முறை உதைத்த பிறகும் துப்பாக்கி அதே இடத்துக்கு வந்து உட்கார வேண்டும். அதற்கு அடிப்பாகத்தின் கீழ் வைக்கிற மூட்டைதான் முக்கியம். கனமான கருமணலை நிரப்பி, கல் மாதிரி இறுக்கித் தைக்க வேண்டும்.

நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும், அதிகாரி. ஆனால் எல்வுட் என் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது அந்த மூட்டைக்காகத்தான்.

என் மனைவி நடீன் இறந்து அப்போது எட்டு வருடம். லேத் பட்டறை வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றிருந்தேன். சில வாரங்களில், மளிகைக் கடைப் பெண்ணிடம் "கவர் வேண்டாம்" என்று சொன்னதைத் தவிர வேறு எதுவும் பேசியிருக்க மாட்டேன். எல்வுட் பால் லாரி ஓட்டியவன். என்னைவிட இரண்டு வயது சிறியவன். எங்கள் மலைப்பக்கத்துத் துப்பாக்கி கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தான். வாசலில் நின்று, "வெர்லின்னா நீதானே? எல்லாரையும் திட்டுவியாமே. என்னையும் கொஞ்சம் திட்டேன். ஒரு மணல் மூட்டை தைச்சுக் குடு, சுடவும் கத்துக்கணும்" என்றான்.

மூன்று வருடம், வியாழக்கிழமை தவறாமல் வந்தான். வெல்லப்பாகுப் பலகாரம் ஒன்று கொண்டுவருவான். முக்கால்வாசியை அவனே தின்றுவிடுவான். கீழறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தோம். குழலுக்கு மட்டும் நான்கு மாதம் ஆனது. அடிக்கட்டை அகலமாக இருக்க வேண்டும் என்றேன். அவன் அழகாக இருக்க வேண்டும் என்றான்.

"இது சவப்பெட்டி மாதிரி இருக்குடா."

"குண்டு எங்க போகுதுன்னு பாரு. கட்டையப் பாத்து நீ கல்யாணமா பண்ணப்போற?"

போல்ட் என் பெட்டியில் இருந்த பழையது. தோட்டாவை அறைக்குள் அடைத்துப் பூட்டுகிற பாகம் அது. நானே தேய்த்துப் பொருத்திக் கொடுத்தேன். அவனுடைய துப்பாக்கியில் என் கை படாத பாகம் ஒன்றும் இல்லை.

பிறகு கிளப்புக்கு லோர்னா வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டியவள். காற்றுக் கொடியைப் பார்த்து எப்போது சுட வேண்டும் என்று சொல்வதில் என்னைவிடக் கெட்டிக்காரி. அதை நான் மறுக்கவில்லை. போன வருடம் மே மாதம், ஒரு வியாழக்கிழமை, எல்வுட் குறிபார்க்கிற புது ஸ்கோப் மாட்டிய துப்பாக்கியோடு வந்தான்.

"யாரு எடுத்தா?" என்றேன்.

"லோர்னாவும் நானும் போய் எடுத்தோம். நல்லாருக்குல்ல?"

நன்றாகத்தான் இருந்தது. நான் எடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். அன்று பலகாரம் கொண்டுவரவில்லை. போட்டி சீசன் முடிந்ததும் இருவரும் தொலைவில் மொன்டானா மாநிலத்துக்குப் போய்க் குடியேறப்போவதாகச் சொன்னான். "நீயும் ஒரு தடவ வந்துட்டுப் போ" என்றான். ஒரு தடவை.

செப்டம்பரில், கடைசிப் போட்டிக்கு முன்னால், சுத்தம் செய்யக் கொடுத்தான். போல்ட்டில், பூட்டுகிற பல்லின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. வெடிப்பு காட்டுகிற சிவப்புச் சாயத்தைத் தடவிப் பார்த்தேன். வெடிப்புதான். நான் எப்போதும் எதையும் சோதித்துவிடுவேன். வேறொரு போல்ட் இழுப்பறையில் இருந்தது. மாற்ற ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான் துடைத்து, எண்ணெய் போட்டுப் பழையபடி மாட்டினேன்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

வேறு எதுவும் நான் செய்யவில்லை. அது உடையாமலும் போயிருக்கலாம். உடைந்தால் விரலில் அடிபடும், கொஞ்ச நாள் வீட்டில் கிடப்பான், பயணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். கண்ணைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

போட்டியன்று காலை குளிர். அவனுடைய பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. மேசையில் உட்கார்ந்தபடி துடைத்துத் துடைத்துச் சலித்துப்போனான். "கழட்டிக் குடு, நான் வச்சிருக்கேன்" என்றேன். கொடுத்தான். ஆறு குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய் விழுந்தன. அவ்வளவு அழகாக அவன் சுட்டதே இல்லை. ஏழாவதில் போல்ட் உடைந்தது. ஓடிப்போய் அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது.

இரண்டு கண்களும் போய்விட்டன. அக்டோபரிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறான். நான்தான் சவரம் செய்துவிடுகிறேன், முட்டையைப் பிசைந்து கொடுக்கிறேன், கட்டைவிரலால் கோப்பையின் விளிம்பைத் தேடச் சொல்லிக்கொடுத்தேன். லோர்னா முதலில் தினமும் வந்தாள். அவள் வந்துபோனால் அவனுக்குத் தலைவலி வருகிறது என்று சொன்னேன். ஃபோன் செய்தால் தூங்குகிறான் என்பேன். அவனிடம், அவள் மொன்டானா போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "நீ ஒருத்தன்தாண்டா எனக்கு" என்றான். நடீன்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

உடைந்த போல்ட்டை லோர்னா எடுத்து வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. வெடிப்புக்குள் சிவப்புச் சாயம் ஊறியிருப்பதை யாரோ ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அந்தச் சாயம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. துடைத்தாலும் அது உள்ளே நிற்கும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆமாம். தெரிந்தேதான் கொடுத்தேன். கண்ணாடியையும் தெரிந்தேதான் வாங்கி வைத்துக்கொண்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

காலையில் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொல்கிறீர்கள். கேட்டுவிட்டு, லோர்னாவை மட்டும் வரச் சொன்னானாம். அதிர்ச்சியில் அப்படிச் சொல்லியிருப்பான். இரண்டு மணிக்குக் கண்ணுக்கு மருந்து போட வேண்டும். அதற்கு முன் என்னை அனுப்பிவிடுங்கள். தனியாகக் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்தை நான் அவனுக்குக் கொடுக்க மாட்டேன்.