ஜெயமங்கலம் கிளையின் இருபத்தாறு அன்பர்கள்

– மெதுவாப் பேசுங்கண்ணே. எல்லாரும் தவத்துல இருக்காக.

– தவமா? குறட்டைல்ல கேக்குது, உமாதேவிம்மா.

– ஆழ்ந்த தவம்ணே.

– நான் தலைமைச் சங்கத்துப் பொருளாளர். தேனியில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். கிளைய நடத்துறவுக நீங்க, என்கிட்டயே இந்த வேலையா? சும்மாட்டுத் துணியத் தலைக்கு வச்சுப் பத்துப் பொம்பளைக நீட்டிப் படுத்திருக்காக. இது தியானமா?

– அதுக்கென்ன, தேனி மண்டபத்துல நீங்க ஏசி போட்டு ஒக்காரலையா? விடியுமுன்ன வெத்தலைக் கொடிக்காலுக்குப் போனவுகண்ணே இவுக. வீட்டுல படுத்தா மாமியா கூப்புடும், பிள்ளை கூப்புடும், ஆடு கூப்புடும். இங்கன படுத்தா, தியானத்துல இருக்கான்னு ஒருத்தரும் கூப்புடுறதில்ல.

– குருநாதர் கண்ண மூடி உள்ள பாக்கச் சொன்னாரு. படுக்கச் சொல்லல.

– கண்ண மூடியாச்சுல்ல. பாதித் தூரம் வந்துட்டாகள்ல.

– சரி, நான் வந்த சோலியப் பாக்குறேன். பைலா பிரகாரம் ஒரு கிளைன்னா இருபத்தஞ்சு உறுப்பினர் இருக்கணும். கொறைஞ்சா கிளையக் கலைச்சுட்டுக் கட்டடத்தத் தலைமை எடுத்துக்கிரும். உங்க கிளையில எம்புட்டுப் பேரு?

– இருபத்தாறு.

– இங்கன பத்து, உங்களோட பதினொண்ணு. மத்தவுக?

– அவுக நிரந்தரத் தவத்துல இருக்காக.

– எங்கன?

– ஆத்தங்கரையில. எரிச்சது பத்து, புதைச்சது அஞ்சு.

– அடக் கடவுளே! செத்தவுகளையா உறுப்பினரா வச்சிருக்கீக?

– சந்தா கட்டுறாகள்லண்ணே.

– செத்தவுகளா?

– அவுக பிள்ளைக. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உறுப்பினர் பேரு பூராத்தையும் சத்தமாச் சொல்லித்தான பூசைய ஆரம்பிக்கிறோம்? முத்துப்பாண்டி வாழைத்தார் சுமந்த கூலியில அவுகய்யாவுக்குக் கட்டுறான். ‘பேர நிப்பாட்டுனா அய்யா ரெண்டாந்தடவ செத்துப்போவாருக்கா’ன்னு அழுகுறான். மூக்கம்மாளுக்கு அவ மகன் திருப்பூர்ல இருந்து ஜீபேயில போட்டுவிடுறான். உசிரோட இருக்கையில ஆத்தாளுக்கு ஒரு போன் போடாத பய. இப்ப மாசம் தவறுறதில்ல.

– இது பச்சை மோசடி.

– அம்புட்டுக்கும் உங்க ரசீது வந்திருக்கு. போன பங்குனியில மூக்கம்மாளுக்கு ‘ஆன்ம முன்னேற்றம் மிக நன்று’ன்னு சான்றிதழ் அனுப்புனீக. அவ போயி அப்பவே மூணு வருசம்.

– பைலா பிரகாரம் அந்தப் பேரையெல்லாம் எடுத்தாகணும்.

– பைலா பிரகாரம் விலகல் கடிதம் குடுத்தவுக பேரத்தான எடுக்கணும்? பதினஞ்சு பேருல யாரும் குடுக்கல.

– செத்தவுக எப்படிம்மா கடிதம் குடுப்பாக?

– அதத்தான் நானும் சொல்றேன். ஆத்மாவுக்கு அழிவில்லைன்னு குருபூசையில நீங்கதான் ஒரு மணி நேரம் மைக்கப் பிடிச்சீக. அழிவில்லாதவுகள நான் எப்படிண்ணே நீக்குறது?

– தத்துவம் வேற, கணக்கு வேற!

– இத அன்னைக்கு மைக்குல சொல்லலையே.

– ஏத்தா உமா, காதுக்குள்ள வந்து கத்துறது யாரு?

– தேனிப் பொருளாளரு, ஈஸ்வரபாண்டி அண்ணன். நீ படு இருளம்மாக்கா.

– மண்டபத்த விக்க வந்திருக்காரா? நேத்து உரக்கடைக்காரன் டேப்ப வச்சு அளந்துட்டுப் போனானே. குடோனுக்கு ஆகும்னு சொன்னான்.

– அளந்தானா? யாருண்ணே அவன அனுப்புனது?

– அது... தலைமையோட முடிவு. தேனி ஏசி மண்டபத்துக்கு லோன் எடுத்திருக்கோம்ல. தவணை நிக்குது. மேகமலைக் கிளைய மூடி வந்த காசு, வாசல்ல போர்டு வைக்கவே சரியாப்போச்சு.

– அங்கன இருந்த ஜமுக்காளத்தக்கூட விடாம மடிச்சுத் தூக்கிட்டு வந்தீகளே. எஸ்டேட்டுப் பொம்பளைக இப்ப எங்கன ஒக்காருறாக?

– தேனிக்கு வரட்டும், யாரு வேண்டாம்னா? பற்றறுத்தல் பயிற்சி நடக்குது. பத்து நாளைக்கு ஐயாயிரம்தான்.

– என்னத்த அறுக்க ஐயாயிரம்?

– பற்று, இருளம்மா. ஆசை. பணத்தாசை, மண்ணாசை எல்லாம்.

– அட போங்கய்யா. என் ஒரு நாள் கூலி முந்நூத்தம்பது. அதுல ஆசை வைக்கவே ஒண்ணும் மிஞ்சல. இங்கன சும்மாவே நல்லா ஒறக்கம் வருது.

– கேட்டீகளா உமாதேவிம்மா! ஒறக்கம்னு அவுக வாயாலேயே வந்துருச்சு!

– வரட்டும்ணே. ஒளிச்சு என்ன ஆகப்போகுது? இவளுகளுக்கு இந்த ஊருல சொந்தம்னு சொல்ல இந்த ஒரு மணி நேரந்தான் இருக்கு. நான் கெஞ்சிக் கேக்குறேன், இத மட்டும் விட்டுருங்க.

– என் கையில ஒண்ணும் இல்லம்மா. பதினஞ்சு பேரு செல்லாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்.

– சரி, போடுறேன். ஒரே ஒரு சந்தேகம். போன வருசப் பொருளாளர் தேர்தல்ல எங்க கிளையில இருந்து எம்புட்டு ஓட்டு வந்துச்சு?

– இருபத்தாறு. பூராம் எனக்குத்தான். அதுக்கென்ன இப்ப?

– எம்புட்டு வித்தியாசத்துல செயிச்சீக?

– ஒம்... ஒம்பது.

– இந்தப் பதினஞ்சு பேரும் அதுக்கு முன்னமே போயிச் சேந்தவுக. ஓட்டுச் சீட்டு இருபத்தாறையும் கொண்டாந்து குடுத்தது நீங்க. ‘ஒண்ணு விடாமப் போட்டு அனுப்பு தங்கச்சி’ன்னீக. அன்னைக்கும் இங்கன இதே பதினோரு பேருதான் இருந்தோம். அப்ப எண்ணத் தெரியல, இப்பத் தெரியுதாக்கும்? பதினஞ்சும் செல்லாதுன்னு நான் எழுதுனா நீங்களும் செல்ல மாட்டீக. செல்லாத பொருளாளர் எப்படிண்ணே கிளைய மூடுவாரு?

– தங்கச்சி...

– வந்ததுல இருந்து உமாதேவிம்மாவாத்தான இருந்தேன்?

– கோவப்படாத தங்கச்சி. கூடப்பொறந்தவளாட்டம்தான் உன்ன நெனைக்கிறேன். பேனாவக் குடு. ‘ஜெயமங்கலம் கிளையை நேரில் பார்வையிட்டேன். உறுப்பினர்கள் இருபத்தாறு பேரும் நலம்.’ போதுமா?

– கையெழுத்து.

– இந்தா, போட்டாச்சு. உரக்கடைக்காரன் குடுத்த அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துர்றேன்.

– அட்வான்ஸ் வேற வாங்கிட்டீகளா?

– விடு தங்கச்சி. மாசியில மறுபடி தேர்தல் வருது. இந்தத் தடவையும் உங்க இருபத்தாறும் எனக்குத்தான விழுகும்?

– அது ஆகாதுண்ணே. பொருளாளருக்கு நான் நிக்கிறேன்.

– நீயா? உனக்கு யாரு ஓட்டுப் போடுவா?

– இவுக பத்துப் பேரும் போடுறேன்னு சொல்லிட்டாக. நேத்துச் சாயங்காலம் ஆத்தங்கரைக்கும் போயி, பதினஞ்சு பேருகிட்டயும் தனித்தனியாக் கேட்டேன். ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லல.