கவரோடு நட்ட தேக்கு

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு விவசாயிகள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“வேளாண்மை ஆபீசுல குடுத்த அம்பது தேக்கங்கன்னையும் பிளாஸ்டிக் கவரைக் கிழிக்காமத்தான் நட்டேன் மாப்ள.”

“ஏண்ணே?”

“பட்டுப்போகட்டும்னுதான். மழை வரும், மண்ணு நல்லாகும்னு சும்மா குடுக்குறாங்க. வரப்புல மரம் வளந்தா, நாளைக்கு இது காடு, உழுகக்கூடாதும்பாங்க.”

“வேணாம்னு சொல்லிருக்கலாம்ல?”

“சொட்டுநீர் மானியத்துக்கு அதே ஆபீசுலதான போயி நிக்கணும்?”

“சரி, பட்டுப்போச்சா?”

“எங்க! கவரைப் பொத்துக்கிட்டு வேரு எறங்கிருச்சு. அம்பதும் தளுத்து நிக்கிது.”

செக்கானூரணி தாண்டியதும் மற்றவர் பேருந்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆட்ட அவுத்து விட வேண்டியதுதானண்ணே?”

“விட்டுப் பாத்தேன். எலைய மோந்துட்டு நேரா என் கடலைக்காட்டுக்குள்ள போயிருச்சு.”

“அப்ப ஒங்க சந்தேகம் சரிதாண்ணே. ஆடு திங்காத மரமாத் தேடிப் பிடிச்சுல்ல குடுத்திருக்காங்க!”