படகோட்டி கட்சியும் இளவரசன் கட்சியும்

...சரி, தலைப்பக் கொஞ்சம் ஓரமா வைப்போம். புத்தகம் பெருசா, சீரியல் பெருசான்னு பேசத்தான் நம்ம வாசகர் வட்டம் என்னை மைக் முன்னால நிறுத்தியிருக்கு. ஆனா இப்ப டீ குடிக்கப் போன இடத்துல ஒரு சண்டையப் பார்த்தேன். அந்தப் புதுத் தொடர்ல நாயகி யாரோட சேரணும்னு பேசிப் பேசி, ரெண்டு தங்கச்சிங்க முகத்தத் திருப்பிக்கிட்டு நின்னாங்க. அதுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. அதனால மொதல்ல ஒரு குட்டிக் கதை. இதுல வர்ற கிறுக்கன் நான்தான். கடைசியில சொல்லி உங்களத் திடுக்கிட வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், இப்பவே சொல்லிட்டேன்.

எனக்கு ஒரு சிநேகிதி. பேரு ஜெசிந்தா. இதே தூத்துக்குடிதான், ஆஸ்பத்திரி லேபுல வேலை. பள்ளிக்கூடத்துல இருந்தே நான் அவள 'ஏட்டி'ம்பேன், அவ என்னை 'ஏல'ம்பா. வேற யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டா கோவம் வரும். நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு நாவல் வாங்கினோம். மாயாஜால நாவல், அஞ்சு பாகம். ஒண்ணு, மூணு, அஞ்சு அவ வீட்டுல. ரெண்டு, நாலு என் வீட்டுல. யாருக்கு முழுக்கதை வேணும்னாலும் மத்தவங்க வீட்டுக்குப் போயே ஆகணும். போனா டீ உண்டு, சண்டையும் உண்டு.

கதை என்ன? தாழைன்னு ஒரு பொண்ணு, நிழல் நாட்டுக்குள்ள மாட்டிக்கிட்டா. அவ மேல உசிரா ரெண்டு பேரு. ஒருத்தன் எரியன், தீப்பறவை மேல ஏறி வர்ற இளவரசன். இன்னொருத்தன் அலவன், படகோட்டி. மூடுபனி ஆத்துல படகக் கட்டிப்போட்டுட்டு, வருவா... வருவான்னு கரையிலயே கிடக்கிறவன். நாவல்ல அவ படகுலதான் ஏறுவா.

பல வருஷம் கழிச்சு இது சீரியலா வந்துச்சு. சீரியல்காரன் என்ன பண்ணினான்? தாழைய இளவரசன் பக்கம் திருப்பிட்டான். மூணாவது வாரமே ரெண்டு பேரும் பறவை மேல பறக்காங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வாட்ஸ்அப்ல ஒரு குரூப், இருநூத்துப் பதினாலு பேரு, அட்மின் நான். இளவரசன் கட்சிக்கு நான் தலைவர், படகோட்டி கட்சிக்கு ஜெசிந்தா. ஞாயித்துக்கிழமை எபிசோட் முடிஞ்சதும் ஓட்டெடுப்பு. சிரிக்காதீங்க... நாப்பது வயசு ஆளுங்கதான் நாங்க.

அவ எழுதுவா: "ஏல, ஒருத்தன் இத்தன வருஷம் கரையில நிக்கான். நின்னதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

நான் எழுதுவேன்: "அவன யாரு நிக்கச் சொன்னா?"

ஒரு ஞாயித்துக்கிழமை அவ அஞ்சாம் பாகத்துல இருந்து ஒரு பக்கத்த அப்படியே தட்டச்சு பண்ணிப் போட்டா. அலவன் படகுல விளக்கு ஏத்தி வைக்கிற இடம். குரூப்பே உருகிப்போச்சு. ஓட்டுல நான் தோத்துட்டேன். எனக்கு வயிறு எரிஞ்சுது.

இப்ப நான் சொல்லப்போறது எனக்குக் கூசுது. ஜெசிந்தா, கப்பல் வேலைக்குப் போன ஒருத்தருக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தா. அவர் வந்தாரு... பொண்டாட்டி பிள்ளையோட வந்தாரு. மாதா கோயில் படிக்கட்டுல உக்காந்து, இத ஒரே ஒரு ஆளுக்கிட்ட சொன்னா. அந்த ஆளு நான்.

நான் குரூப்புல என்ன எழுதினேன் தெரியுமா? "படகோட்டிய இவளுக்கு ஏன் பிடிக்குதுன்னு எனக்குத் தெரியும். கப்பல் வரும்னு ஒன்பது வருஷம் கரையில நின்ன ஆளுல்லா."

முப்பத்தேழு பேரு சிரிப்புப் பொம்மை போட்டாங்க. நான் எண்ணிப் பார்த்தேன்... அதையும் எண்ணிப் பார்த்தேன்யா.

'ஜெசிந்தா வெளியேறினார்'னு சின்னதா ஒரு வரி வந்துச்சு. அவ்வளவுதான். நான் எழுதினத அழிச்சேன். குரூப்புல அழிஞ்சுது, படிச்சவ மனசுல அழியுமா? மூணு வாரம் போன் எடுக்கல. நாலாவது வாரம் எடுத்தா.

"ஏட்டி, நான்தான்..."

"சொல்லுங்க சார்."

சார்.

"ஏட்டி, தப்பு என் மேலதான். நாலு வார்த்தை திட்டிரு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? லேபுல ஆள் நிக்காங்க, வச்சிரட்டுமா?"

திட்டியிருந்தா பொழச்சிருப்பேன். அவ மரியாதை குடுத்துட்டா.

அந்தச் சீரியல் என்னாச்சுன்னு கேப்பீங்க. பார்க்க ஆள் குறைஞ்சுபோச்சுன்னு பாதியிலயே முடிச்சுட்டான். தாழை யாரையும் கட்டல. நான் யாருக்காக மல்லுக்கட்டினேனோ, அந்த இளவரசன் கடைசி எபிசோட்ல வரவே இல்ல. எனக்குச் சிரிப்பு தாங்கல. இத ஒருத்திக்கிட்ட சொல்லணுமேன்னு போன எடுத்தேன்... எடுத்துட்டு, வச்சுட்டேன்.

மறு மாசம் ஒரு பார்சல் வந்துச்சு. பிரிச்சா ஒண்ணு, மூணு, அஞ்சு. கூட ஒரு சீட்டு: "பிரிஞ்சு கிடக்க வேண்டாம் சார். முழுசா உங்ககிட்டயே இருக்கட்டும்." இப்ப அஞ்சு பாகமும் என் அலமாரியில வரிசையா இருக்கு. அவ வீட்டுக்குப் போறதுக்குத்தான் எனக்கு ஒரு காரணமும் இல்ல.

எதுக்கு இதச் சொல்லுதேன்? சண்டை போடாதீங்கன்னு சொல்ல வரல. நல்லாப் போடுங்க. சண்டை போடாத வாசகன் என்ன வாசகன்? ஆனா ஒருத்தி ஒரு ஜோடிக்காக அந்தப் பாடு படுறான்னா, அந்தக் கதைக்குள்ள அவ சொந்த வாழ்க்கையில கொஞ்சம் இருக்குன்னு அர்த்தம். அது உங்களுக்குத் தெரியும்னா, உங்கள நம்பித்தானே சொன்னா? அத எடுத்துச் சபையில வச்சா ஓட்டு கிடைக்கும். எனக்கும் மறுவாரம் கிடைச்சுது. என்ன பிரயோஜனம்?

அந்த டீக்கடைத் தங்கச்சிங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்க. ஒரு ஆளு மூணாவது வரிசை, இன்னொரு ஆளு ஜன்னலோரம். என் பேச்சு முடியுற வரைக்கும் காத்திருக்காதீங்கம்மா. இப்பவே எந்திரிச்சுப் போய்ப் பக்கத்துல உக்காருங்க. 'ஏட்டி'ன்னு கூப்பிடுங்க... அவ 'சொல்லுங்க'ன்னு சொல்றதுக்கு முன்னால கூப்பிட்டிருங்க.