நூத்தி ரெண்டுலயே நிக்குது

— இறங்கி மறுபடி ஏறு. காலை நேரா வை.

— மூணு தடவை ஏறி இறங்கியாச்சுங்க. நூத்தி ரெண்டு. நேத்தும் நூத்தி ரெண்டு. போன மாசமும் நூத்தி ரெண்டு. இது என் எடையா, இல்ல வீட்டு நம்பரா?

— கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— கேக்கட்டுமே! வயித்தைச் சின்னதாக்கி ஆறு மாசமாச்சு, இன்னும் இப்படியே இருக்காளேன்னு அவங்களுக்குத் தெரியாததா?

— இப்படியேவா? நூத்திப் பதினெட்டுல இருந்தவ நீ.

— அது மூணரை மாசத்துல போனது. அதுக்கப்புறம்? ரெண்டரை மாசமா ஒரு பொட்டு குறையல. என் கூட ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களே ஒரு டீச்சரம்மா, அவங்க போட்டோ அனுப்பியிருக்காங்க. அவங்க பழைய சட்டைக்குள்ள இப்போ ரெண்டு பேர் நிக்கலாம்.

— ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி. மெதுவாத்தான் இறங்கும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

— மெதுவான்னா ஆமை மாதிரி நகரணும்ல? இது பாறாங்கல்லுங்க!

— சரி சரி... கெளம்பு. பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

— அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். போன உடனே கேக்கப் போறேன், இன்னொரு தடவை வெட்டுங்கன்னு.

— எதை?

— தலையை! ...வயித்தைத்தாங்க. முதல் ஆபரேஷன் பலிக்கலேன்னா ரெண்டாவதா ஒண்ணு இருக்காம். அதைப் பண்ணிடச் சொல்லப் போறேன்.

— உனக்கென்ன பைத்தியமா? போன தடவை தையல் கசிஞ்சு, மறுநாளே திரும்ப உள்ள தூக்கிட்டுப் போனாங்களே, மறந்துட்டியா? எட்டு நாள் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னவன் நான். பிரிச்சுப் பிரிச்சுத் தைக்க அது என்ன தலகாணி உறையா?

— உங்களுக்கென்ன, நீங்க குச்சி. பேசலாம். நேத்தே நர்ஸம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன். வாங்க, தேதி பாக்கலாம்னாங்க.

— என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

— வயிறு என்னுது.

— இன்னும் ஒரு மாசம் பொறு. ஒரே ஒரு மாசம்.

— அரைச்ச மாவையே அரைக்காதீங்க! மூணாம் மாசம் செக்கப்புக்குப் போகலாம்னேன், டாக்டர் வெளியூர்னீங்க. அடுத்த வாரம் போகலாம்னேன், உங்களுக்கு முதுகு வலி. அன்னைக்கு உங்க அக்கா வந்தாங்க. செருப்பைக் கூட கழட்டல, "என்னம்மா, ஆபரேஷன் இன்னும் பண்ணிக்கலையா"ன்னாங்க. வெந்த புண்ணுல வேல் பாய்ச்சின மாதிரி இருந்துச்சு.

— அவ வாய்க்கு என்னிக்குப் பூட்டு இருந்துச்சு? அவளை விடு. நீ நேத்து லைப்ரரில ஏணியிலேருந்து விழப் பாத்தியாமே?

— யாரு சொன்னா?

— உங்க லைப்ரரி வாட்ச்மேன். என்னைப் பாத்ததும் ஓடி வந்து சொன்னான்.

— அவனுக்கு வேற வேலை இல்ல. மேல் தட்டுல புத்தகம் அடுக்கினா யாருக்கும் லேசா சுத்தத்தான் செய்யும்.

— குளியலறைல பாத்தா கொத்துக் கொத்தா முடி...

— ஆபரேஷன் பண்ணினா முடி கொட்டும்னு டாக்டரே சொல்லியிருக்கார். பேச்சை மாத்தாதீங்க. இந்த மெஷின்லயே கோளாறு இருக்குமோ? ஊர்ல இருக்கிற கடைத் தராசையெல்லாம் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்றீங்க. வீட்டுல இருக்கிறதைப் பாக்க மட்டும் நேரமில்ல.

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இன்னைக்குச் சரியாத்தான் இருக்கு.

— ...அதென்ன இன்னைக்கு?

— இன்னைக்குன்னா... இன்னைக்குத்தான்.

— ஏங்க. என் மூஞ்சியைப் பாருங்க.

— நேரமாச்சு, கெளம்பு.

— பாருங்கங்கறேன்ல!

— சத்தம் போடாம கேக்கறதா இருந்தா சொல்றேன்.

— நான் எப்பங்க சத்தம் போட்டேன்!

— மூணாம் மாசம் நூத்தி ஏழுல நின்னியே, மூணு வாரம். வேலைக்குப் போகல. தலை சீவல. சும்மா வெட்டிக்கிட்டேனேன்னு போர்வைக்குள்ள அழுதுக்கிட்டே கெடந்த. என்னால தாங்க முடியல. பேட்டரி மாத்தறேன்னு மெஷினைக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன் பாரு...

— ஆமா. மறுநாள் நூத்தி மூணு. நான் குதிச்ச குதிக்குக் கீழ்வீட்டுலேருந்து ஆள் வந்துச்சு.

— நாலு கிலோ கம்மியா காட்டற மாதிரி செட் பண்ணிட்டேன். திட்டிடு.

— அதான் அந்த வாரம் நீங்களும் நாலு கிலோ இளைச்சீங்களா? எனக்குத் தெரியாம டயட் இருக்கீங்கன்னு வயிறெரிஞ்சு ரெண்டு நாள் உங்ககூட பேசலையே நான்!

— மெஷினுக்கு ஆள் தெரியுமா?

— அடப்பாவி மனுஷா! மருந்துக்கடை மெஷின் நூத்தி ஆறு காட்டுச்சுன்னு நாலு பேர் முன்னால சண்டை போட்டேங்க. என் வீட்டுக்காரர் தராசு ரிப்பேர் பண்றவர், உங்க மெஷின்தான் பொய்யின்னு! அந்தக் கடைக்காரர் இன்னும் என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறார்.

— தெரியும். நான் போய் மன்னிப்பு கேட்டுட்டேன்.

— அது வேறயா! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது.

— ஊருக்கெல்லாம் தெரியாது. அவருக்கு மட்டும்தான். ...டாக்டரும் வெளியூர் போகல. ஆஸ்பத்திரி மெஷின்ல நீ ஏறினா குட்டு உடைஞ்சிடும்னுதான்...

— முதுகு வலி?

— அதுவும் இல்ல.

— தைலம் தேய்ச்சு விட்டேனேங்க! அரை மணி நேரம்!

— கேளேன். அப்புறம் எனக்கே பயம் வந்துடுச்சு. ஒரே நாள்ல சரி பண்ணினா நாலு கிலோ ஏறிட்ட மாதிரி காட்டும். நீ உடைஞ்சு போயிடுவ. அதனால ஞாயித்துக்கிழமை நீ குளிக்கப் போற நேரத்துல, அந்த வாரம் எவ்வளவு குறைஞ்சியோ அவ்வளவு மட்டும் திருப்பி ஏத்திக்கிட்டே வந்தேன். போன வாரத்தோட முடிஞ்சுது. எடைக்கல் வச்சுப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு.

— இருங்க... இருங்க. அப்போ இந்த ரெண்டரை மாசமும் நான்...

— நிக்கவே இல்லம்மா நீ! நூத்தி ஆறுலேருந்து நூத்தி ரெண்டு. நாலு கிலோ நிஜமாவே இறங்கியிருக்க. ஆபரேஷன் நல்லா வேலை செய்யுது. ரெண்டாவது வெட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். என்னை என்ன வேணா பண்ணிக்கோ. ...என்ன? ஏன் உக்காந்துட்ட? சந்தோஷப்படு, இல்ல ரெண்டு அடி அடி. இப்படிப் பாக்காத.

— அது ஆபரேஷன்ல இறங்கினது இல்லைங்க... நம்பர் அசையவே இல்லையேன்னு நான் சாப்பாட்டை நிறுத்திட்டேன். நீங்க கட்டித் தர்ற மத்தியான டப்பா ரெண்டு மாசமா அந்த வாட்ச்மேனுக்குத்தான் போகுது, ராத்திரி வைக்கிறதை நீங்க கை கழுவப் போறப்ப குப்பையில போட்டு மேல பேப்பரைப் போட்டு மூடிடுவேன். எழுந்திருக்கணும், என் கையைப் பிடிங்க. டாக்டர்கிட்ட நீங்க பண்ணினதை நீங்க சொல்லுங்க, நான் பண்ணினதை நான் சொல்றேன்.