எங்கள் மண்ணில் விளைந்தது

காரட்டைக் கழுவி வைத்தால் எங்கள் கடையில் விற்காது, சார். பளபளவென்று இருந்தால் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். கொஞ்சம் மண் ஒட்டியிருக்க வேண்டும், தழை இருக்க வேண்டும், ஒன்றிரண்டு கோணல்மாணலாக இருந்தால் இன்னும் நல்லது. அதை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, "சின்ன வயசு ஞாபகம் வருதுங்க" என்பார்கள். சின்ன வயதில் மண்ணைத் தின்றா வளர்ந்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே எடை போடுவேன்.

எங்கள் சமையல்காரரை நேற்றிலிருந்து இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. உப்பைக்கூட என்னைக் கேட்டுவிட்டுப் போடுகிற மனிதர் அவர். அந்தக் கிண்ணத்தில் கலந்ததை அவர் கலந்தார் என்று நீங்கள் எழுதினால் எனக்குப் பொறுக்காது. வேலையை நான் செய்வேன், பெயர் இன்னொருவருக்குப் போகும். பல வருடமாக அது எனக்குப் பழகிப்போன விஷயம்தான். இந்த ஒன்றில் மட்டும் வேண்டாம்.

இடத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். முன்னால் மளிகையும் காய்கறியும். நடுவில் கண்ணாடிக் கதவு. உள்ளே சாப்பாட்டுக் கூடம், ஒரே நீள மேசை. முன்பின் தெரியாதவர்கள் தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அதற்கும் சேர்த்துத்தான் காசு. பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் நிலம். கூடத்துச் சன்னல் வழியாக நிலம் தெரிகிற மாதிரி கட்டியிருக்கிறோம். தெரிகிற பக்கம் கீரையும் கொடியும் பச்சைப் பசேலென்று இருக்கும். தெரியாத பக்கம் கல்லும் கட்டாந்தரையும். கூடத்துச் சுவரில் ஒரு பலகை. 'இந்த மண்ணில் விளையாதது இந்தத் தட்டில் இல்லை.' எழுதியது குட்டி.

குட்டி என் கணவரின் தங்கை. முப்பது வயதைத் தாண்டியும் வீட்டில் குட்டிதான். நிலக்கடலை அவளுக்கு ஆகாது. சின்ன வயதில் யாரோ கொடுத்த ஒரு வாய்க் கடலையில் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பியவள். அதிலிருந்து வெளியில் எங்கேயும் கை நனைக்க மாட்டாள். எங்கே போனாலும் பையில் ஒரு ஊசி இருக்கும். தொடையில் குத்திக்கொண்டால் ஆஸ்பத்திரி போகிறவரை தாங்கும்.

ஆகாது என்பது நல்ல சொல், சார். அவளுக்குக் கடலை ஆகாது, எனக்கு அவள் ஆகாது. எனக்கு வீங்கவில்லை, மூச்சு முட்டவில்லை. அதனால் யாரும் கவனிக்கவில்லை.

கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். வாய் ஓயாது, சிரிப்பும் ஓயாது. மேசை மேசையாக என்ன, இருப்பதே ஒரு மேசைதான். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பேசிக்கொண்டே வருவாள். தன் கடலைக் கதையைச் சொல்லுவாள். கடைசியில், "உலகத்துலயே நான் பயப்படாம சாப்பிடுற ஒரே இடம் எங்க அண்ணி கைதாங்க. ஏன்னா இங்க விளையாத எதுவும் இங்க வேகாது" என்பாள். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். சாப்பிட்டுவிட்டு, கடைக்கு வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போவார்கள். அவள் உயிரைக் காட்டித்தான் நாங்கள் கத்தரிக்காய் விற்றோம்.

நாளடைவில் எல்லோரும் அதைக் குட்டி கடை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். விடிவதற்கு முன் எழுவது நான், மூட்டை இறக்குவது நான், குழாய் அடைத்துக்கொண்டால் கையை விடுவதும் நான். ஒரு நாள் ஓர் அம்மா என்னிடம், "நீங்க இங்க வேல பாக்கறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்யில்லையே. பக்கத்தில் நின்ற குட்டி, "ஐயோ, அவங்கதாங்க முதலாளி. மூஞ்சிய அப்படி வச்சிருந்தா யாருக்குத் தெரியும்? அண்ணி, நீங்க பாத்தா பாலே திரிஞ்சிடும், கொஞ்சம் சிரிங்களேன்" என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நிலத்தில் விளைவதை வைத்து ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு போட முடியாது. அது எனக்குத் தெரியும், என் கணவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆகவே மொத்தச் சந்தையில் வாங்குவேன். பின்கட்டில் ஒரு தொட்டியில் எங்கள் மண்ணைக் கரைத்து வைத்திருப்பேன். காரட், பீட்ரூட், முள்ளங்கி எல்லாவற்றையும் அதில் முக்கி, நிழலில் உலர்த்துவேன். வெயிலில் போட்டால் மண் உதிர்ந்துவிடும். கரைசல் நீர்த்துப் போனால் ஒட்டாது, கெட்டியானால் அப்பியது தெரியும். அந்தப் பக்குவம் வருவதற்கு எனக்கு ரொம்ப நாளாயிற்று. யாரும் பாராட்டியதில்லை, பாராட்டக்கூடிய வேலையும் இல்லை.

குட்டி பின்கட்டுக்கு வர மாட்டாள். அங்கே நல்ல பாம்பு ஒன்று நடமாடுகிறது என்று சொல்லி வைத்திருந்தேன். பாம்பு என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம்.

போன சனிக்கிழமை வந்துவிட்டாள். பூனைக்குட்டி ஒன்று கத்துகிறது, பாம்பு கடித்துவிடப் போகிறது என்று பதறி ஓடி வந்தாளாம். நான் முழங்கை வரை சேறாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சந்தை முத்திரையோடு பிளாஸ்டிக் பெட்டிகள். பார்த்துக்கொண்டே நின்றாள். பூனைக்குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா அண்ணி?"

"ஆரம்பத்துலேர்ந்து."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அழுதாள். எனக்காக அழுதாள், சார். "இத்தன பாரத்தையும் தனியாவா சொமந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று என் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "சொல்லிடலாம் அண்ணி. நாளைக்கு மதியம் மேசைல எல்லாரும் இருக்கறப்ப நானே சொல்லிடறேன். உண்மையச் சொன்னா ஜனங்க மன்னிப்பாங்க. நீங்க பக்கத்துல நில்லுங்க, அது போதும்" என்றாள்.

மன்னிப்பார்களாம். அவளை மன்னிப்பார்கள். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள், எவ்வளவு நேர்மை என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிற என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். என் சேறும் என் முதுகுவலியும் அவள் வாயில் ஒரு நல்ல கதையாகிவிடும். என்னிடம் மிச்சமிருந்தது அந்தப் பொய் ஒன்றுதான். அதையும் அவள் பெயரில் எழுதிக்கொள்ளப் பார்த்தாள்.

"சரி குட்டி. ஆனா வெறும் வயித்தோட பேசாத. முதல்ல சூப் குடி, அப்புறம் எந்திரிச்சு சொல்லு" என்றேன்.

"நீங்கதான் அண்ணி எனக்கு அம்மா மாதிரி" என்றாள்.

எப்போது முடிவு செய்தேன் என்ற கேள்விக்கு நேராக, அந்தச் சனிக்கிழமை என்று எழுதிக்கொள்கிறீர்கள். இருக்கட்டும், அதற்கு வருகிறேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட வருகிறவர்கள் கைப்பை, போன் எல்லாவற்றையும் கடையிலேயே ஒரு மூங்கில் கூடையில் வைத்துவிட்டு வர வேண்டும். கையும் மனசும் காலியாக இருந்தால்தான் ருசி தெரியுமாம். இதுவும் குட்டியின் யோசனைதான். அவள் மட்டும் தன் பையை மடியில் வைத்துக்கொள்வாள், ஊசிக்காக. ஞாயிற்றுக்கிழமை அவளிடம், "இன்னிக்கு உண்மையப் பேசப் போற. நம்ம வழக்கத்த நீயே மீறினா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு பையைக் கழற்றிக் கொடுத்தாள். நீலப் பை. அதைக் கூடையில் போட்டு, கூடையைக் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன்.

பூசணிக்காய் சூப். எல்லோருக்கும் ஒரே பானை. அவள் கிண்ணத்தில் மட்டும் வறுத்து அரைத்த கடலை இரண்டு கரண்டி. சூப் கொஞ்சம் கெட்டியாக, பார்க்க இன்னும் அழகாக இருந்தது. அவளுக்கு அந்த ருசி தெரியாது. சின்ன வயதில் ஒரே ஒரு வாய் தின்றவளுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அண்ணி, என்னமோ புது ருசியா இருக்கே. இதுவும் சந்தைல வாங்கினதா?" என்று என் காதருகே கேட்டாள்.

"இல்ல, இது நம்மது" என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஏதோ ஒன்றாவது நம்முடையது என்று நினைத்திருப்பாள். கிண்ணத்தை வழித்துக் குடித்தாள்.

பேசுவதற்கு எழுந்தாள். "எல்லாருக்கும் வணக்கங்க, இன்னிக்கு நான்" என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினாள். மறுபடி செருமினாள். கழுத்தில் கை வைத்தாள். உதடு தடித்துக்கொண்டு வந்தது. முதலில் புரிந்துகொண்டது என் கணவர்தான். தெரியாத மாதிரி இருக்க அன்றைக்கு அவரால் முடியவில்லை. "பை எங்கடி? அவ பை எங்க?" என்று அலறினார். எனக்குத்தான் தெரியும், நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

கடையில் ஒருவர் தக்காளியோடு நின்றிருந்தார். உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது. வந்தவரைக் காக்க வைப்பது நாகரிகமில்லை. எடை போட்டு, பையில் போட்டு, சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். நசுங்கிய ஒன்றை எடுத்துவிட்டு வேறு மாற்றிக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார். அன்றைக்கு எனக்கு நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்கப்புறம் அரிசி மூட்டையை நகர்த்திக் கூடையை எடுத்தேன்.

நான் உள்ளே போனபோது குட்டி தரையில், அண்ணன் மடியில் கிடந்தாள். ஊசியை நானே என் கையால் போட்டேன். அதை ஏற்கிற நிலையில் அவள் இல்லை. கண் திறந்திருந்தது. கடைசிவரை என் முகத்தைத்தான் தேடினாள் என்று என் கணவர் பிறகு சொன்னார். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. தண்ணீர்கூட நான் கொடுத்தால் வாங்குவதில்லை. நாள் போனால் சரியாகிவிடும்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன், சார். வேண்டுமென்றே கலந்தேன், பையை மறைத்தேன், தாமதித்தேன். எல்லாம் சரி. கையெழுத்துப் போடத் தடையில்லை. ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். 'சனிக்கிழமை மாலை சந்தையில் கடலை வாங்கி' என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தையில் நான் ஒரு நாளும் கடலை வாங்கியதில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பின்கட்டுக்கு அப்பால், கிணற்றுக்குப் பின்னால் ஒரு சின்னப் பாத்தி இருக்கிறது. பாம்பு இருக்கிறது என்று சொன்னேனே, அந்தப் பக்கம். கல்லைப் பொறுக்கி, எரு போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி, போன பருவத்தில் அங்கே கடலை விதைத்தேன். அப்போது குட்டிக்கு எதுவும் தெரியாது, எந்தத் தகராறும் இல்லை. எதற்கு விதைத்தாய் என்று கேட்டால், கடலை போட்டால் மண் வளமாகும் என்பார்கள், அதற்குத்தான். அந்த நிலத்தில் நான் போட்டதிலேயே சொன்னபடி விளைந்தது அதுதான். பிடுங்கினால் கொத்துக் கொத்தாக, சொந்த மண்ணோடு வந்தது. நான் எதையும் பூச வேண்டியிருக்கவில்லை.

ஆகவே வெளியில் வாங்கியது என்று எழுதாதீர்கள், பலகை பொய்யாகிவிடும். அன்றைக்கு அந்த மேசையில் உண்மையாகவே எங்கள் மண்ணில் விளைந்தது அது ஒன்றுதான். வேறு யாருக்கும் அதை நான் கொடுக்கவில்லை. குட்டிக்கு மட்டும்தான் வைத்தேன்.